இளவெயிலா, பத்து மணி வெயிலா, குளிசையா?

போன வருடம் இரத்தம் சோதித்தபோது எனக்கு விற்றமின் டி மில்லிலீற்றருக்கு 13 நனோகிராம் என்று வந்தது. 20க்குக் கீழே போனாலே குறைபாடு. வருடம் முழுக்க வெயில் எறிக்கிற மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு இப்படியா என்று திகைத்துப் போனேன். டொக்டர் எழுதித்தந்த குளிசையைக் கிழமைக்கு ஒன்றாக எட்டுக் கிழமை எடுத்தேன். குறை நிரம்பியது. அதற்குப் பிறகு அது இறங்காமல் இருக்கக் குளிசையைத் தொடர்வதா, வெயிலை நம்புவதா? நான் வெயிலை நம்பினேன்.

ஆனால் எந்த வெயில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடற்கரையில் காலை ஆறரைக்கு நடப்பவர்கள் இளவெயில்தான் நல்லது என்பார்கள். நானும் பல வருடம் அப்படி நடந்தேன். நடை உடம்புக்கு நல்லதுதான், விற்றமின் டிக்கு உதவவில்லை. தோலில் அதை உண்டாக்குவது வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற ஊதாக்கடந்த பி (UVB) கதிர். சூரியன் தாழ்வாக நிற்கையில் அந்தக் கதிர் சாய்வாக நெடுந்தூரம் காற்றைக் கடக்க வேண்டும். பெரும்பகுதியை ஓசோன் வழியிலேயே உறிஞ்சிவிடும். மணிக்கூடு தேவையில்லை, நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் கட்டையாக இருந்தால் கதிர் போதிய அளவு இறங்குகிறது. மட்டக்களப்பில் அது ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு. மார்கழியில் பத்துக்குக் கிட்ட. யன்னல் கண்ணாடியும் இந்தக் கதிரை விடாது. கண்ணாடி யன்னலோரம் தையல் மெசினில் இருந்த எனக்கு இத்தனை வருடமும் கிடைத்தது வெறும் சூடுதான்.

அதனால் ஏழு மணிக்குக் காயப்போட்ட உடுப்பை இப்போது பத்து மணிக்குக் காயப்போடுகிறேன். கட்டைக்கைச் சட்டையோடு வளவில் இருபது, இருபத்தைந்து நிமிடம். கறுத்த தோலுக்குக் கூடிய நேரம் தேவை. ஆனாலும் தோல் எரிய முன் நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஆறு மாதத்தில் பார்த்தால் 28.

குளிசையை மறந்துவிடுவேன், ஈர உடுப்பை மறக்க முடியாது. அளவு மீறும் பயமும் வெயிலில் இல்லை. கூடினதைத் தோலே பயன்படாத பொருளாக மாற்றிவிடும். குளிசையை மாதக்கணக்கில் மிதமிஞ்சி எடுத்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறும்.

அம்மாவுக்கு மட்டும் குளிசைதான். எழுபது தாண்டிய தோல் அவ்வளவாக உண்டாக்காது, அவவை அந்த வெயிலில் நிறுத்தவும் எனக்கு மனமில்லை. டொக்டர் சொன்னபடி நாளுக்கு 800 அலகு (IU), மத்தியானம் மீன்கறிச் சோற்றோடு. கொழுப்போடு சேர்ந்தால் நன்றாக உறிஞ்சும். உடம்பை முழுக்க மூடி உடுத்துபவர்களுக்கும் குளிசைதான் சரிவரும் என்று நினைக்கிறேன்.

வெயிலை நம்பி நான் கடந்தது ஒரு மாரிதான். உடுப்பே காயாத கிழமைகள் வந்தபோது டொக்டரிடம் கேட்டு நானும் குளிசை எடுத்தேன். மறுகா, தையில் வெயில் வந்ததும் கொடிக்கயிற்றடிக்கே போய்விட்டேன்.