விளக்கு எரிந்தால் லாக் விழுந்துவிட்டதாக அர்த்தமில்லை: யூ.டி.வி. டிஃப் லாக்கில் நடக்கும் ஏமாற்று

பில்லில் நான்கு வரி. முன்பக்க ஆக்சுவேட்டர் புதிது, முன் டிஃபரன்ஷியலை (இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி) கழற்றிப் பிரித்து மாட்டிய கூலி, ஆயில், சில்லறைச் சாமான்கள். வண்டியைக் கொண்டுவந்தவர் சொன்ன புகாரோ ஒரே வரி: "டிஃப் லாக் ஸ்விட்சைப் போட்டால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, நிலையாக எரியமாட்டேன் என்கிறது." யூ.டி.வி. (கரடுமுரடான தடத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வைத்திருப்பவர்களிடம் சுலபமாகக் காசு பிடுங்கக் கிடைக்கும் புகார் இது. பல நேரம் அந்த வண்டியில் எதுவுமே கெட்டிருக்காது.

ஸ்விட்சைத் தட்டியதும் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் சின்ன மோட்டார் ஒரு ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க், பற்கள் வெட்டிய வளையமான காலரைத் தள்ளும். காலரின் பற்கள் எதிரே இருக்கும் பள்ளங்களுக்குள் விழுந்தால்தான் லாக், அதாவது இடது வலது சக்கரங்கள் ஒன்றாகவே சுற்றும். வண்டி அசையாமல் நிற்கும்போது பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால், தள்ளும் விசை ஸ்பிரிங்கில் சேர்ந்து காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைத்தான் பல மாடல்களில் மினுக்கும் விளக்கு காட்டுகிறது. இடது வலது சக்கரங்களுக்குள் கொஞ்சம் வேக வித்தியாசம் வந்தால் போதும்; ஸ்டியரிங்கை லேசாக ஒடித்து, நடை வேகத்தில் நாலைந்து அடி உருட்டினால் 'டக்' என்று விழுந்துவிடும். விடுவிப்பதும் இதே கதைதான். ஆஃப் செய்த பிறகும் பற்களுக்கிடையே முறுக்கு ஏறி நின்றால் காலர் கழன்று வராது. கொஞ்சம் பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பினால் விட்டுவிடும். இதைச் செய்து பார்க்காமல், நின்ற இடத்திலேயே ஸ்விட்சைப் போட்டுக் காட்டி "பாருங்கள், ஆக்சுவேட்டர் போச்சு" என்று சொல்லும் பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.

உருட்டியும் விழவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பேட்டரி. வோல்டேஜ் இறங்கிய பேட்டரியில் ஆக்சுவேட்டர் பாதித் தூரம் போய் நின்றுவிடும். அதன்பின் ஃபியூஸ், சேறு புகுந்த கனெக்டர், துருப்பிடித்த எர்த் முனை. கையால் இழுக்கும் லிவரோ காலால் மிதிக்கும் பெடலோ உள்ள வண்டிகளில் மின்சாரமே சம்பந்தப்படாது. கேபிள் தளர்ந்திருக்கும், அட்ஜஸ்டர் நட்டை நாலு சுற்றுத் திருப்பினால் தீர்ந்தது. இதற்கு "ஃபோர்க் வளைந்துவிட்டது" என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பதும் உண்டு. கழற்றியதாகச் சொல்லும் ஃபோர்க்கை மட்டும் யாரும் கண்ணில் காட்டமாட்டார்கள்.

இன்னொரு வகை வண்டியில் ஏமாற்றுவது இதைவிடச் சுலபம். போலாரிஸ் நிறுவன வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் காலர் கிடையாது. இரு திசையிலும் பிடிக்கும் ரோலர் கிளட்ச் இருக்கிறது. ஏ.டபிள்யூ.டி. (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) ஸ்விட்ச் போட்டால் முன்பக்கக் கியர்கேஸுக்குள் இருக்கும் காந்தக் காயில் (கம்பிச் சுருள்) ஒரு தட்டை இழுத்துப் பிடிக்கும். அந்தத் தட்டு ரோலர் கூண்டைப் பின்னிழுத்து ரோலர்களைத் தயார் நிலையில் நிறுத்தும். ஆனாலும் முன் சக்கரம் உடனே இழுக்காது. ரோலர்களைச் சுற்றி இருக்கும் முன்பக்க ரிங் கியர் (வளையப் பல்சக்கரம்) வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகச் சுற்றும்படி வைக்கப்பட்டிருக்கிறது. பின் சக்கரம் வழுக்கிச் சுற்றும்போதுதான் ரிங் கியரின் வேகம் முன் சக்கரத்தை எட்டி, ரோலர்கள் இறுகும். ஆகவே காய்ந்த தரையில் நேராக ஓட்டிக் காட்டி "முன்னால் இழுக்கவே இல்லை, கியர்கேஸ் மாற்ற வேண்டும்" என்று சொல்வது சோதனையே இல்லை. சக்கரங்களைத் தூக்கி நிறுத்திச் சுற்றவிட்டு "முன் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது, பல் தேய்ந்துவிட்டது" என்பதும் அப்படித்தான். அது அப்படித்தான் சுற்ற வேண்டும்.

இந்த வகைக்கு மல்டிமீட்டர்தான் சாட்சி. காயில் கனெக்டரைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். போலாரிஸில் 24 ஓம் அக்கம்பக்கம் வரும். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். எண்ணே வராமல் திறந்த நிலை காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. சுழியை ஒட்டி வந்தால் உள்ளே ஷார்ட். காயில் ஒயருக்கும் கியர்கேஸ் உடலுக்கும் நடுவே தொடர்பு காட்டினால் இன்சுலேஷன் போயிருக்கிறது. காயில் நன்றாக இருந்தால், ஏ.டபிள்யூ.டி. போட்ட நிலையில் ஒயரிங் பக்கம் பேட்டரி வோல்டேஜ் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். 12 வோல்ட்டில் 24 ஓம் என்றால் அரை ஆம்பியர்தான். இவ்வளவு சின்ன மின்னோட்டத்துக்குத் தடையாகக் கனெக்டரில் பச்சை பூத்த ஒரு முள் போதும். இரண்டு அளவும் சரி என்றால்தான் கியர்கேஸைத் திறக்கும் பேச்சே எடுக்க வேண்டும்.

இந்தக் கியர்கேஸில் கையில் கிடைத்த கெட்டி கியர் ஆயிலை ஊற்றிவிடும் பட்டறைகளும் இருக்கின்றன. தட்டு ஆயிலில் ஒட்டிக்கொண்டு தாமதமாகப் பிடிக்கும், அல்லது ஸ்விட்ச் ஆஃப் செய்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆயில் மாற்றியதிலிருந்து ஸ்டியரிங் கனமாகிவிட்டது என்றால் முதல் சந்தேகம் ஆயில் மேலேயே விழட்டும். அதே அறிகுறி டயர் மாற்றிய பிறகு வந்தால் அளவைப் பாருங்கள். முன்னால் பெரியதும் பின்னால் சிறியதுமாகப் போட்டால் அந்த வேக வித்தியாசம் அழிந்து, ஏ.டபிள்யூ.டி. போட்டிருக்கும்போதெல்லாம் முன்பக்கம் பிடித்தபடியே ஓடும்.

இனி பழைய வண்டி விற்பவர்கள் செய்யும் வேலை. இன்டிகேட்டர் விளக்குக்குப் போகும் ஸ்விட்ச் ஒயரை எர்த்தில் முடிந்துவிடுவார்கள். உள்ளே ஃபோர்க் உடைந்து கிடந்தாலும் ஸ்விட்சைப் போட்டால் விளக்கு அழகாக எரியும். முன்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சத்தம் போட்டால் அதையே கழற்றி எடுத்துவிட்டு, வண்டியின் அடியைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டை மாட்டி மறைத்து வைப்பதும் உண்டு. ஆகவே விளக்கை நம்பாமல், ஆக்சுவேட்டர் கனெக்டரிலிருந்து ஒயரைக் கண்ணால் தொடருங்கள். இடையில் புது இன்சுலேஷன் டேப் தெரிந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்கிட் பிளேட்டின் போல்ட் தலைகள் மட்டும் பளபளவென்று இருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

கையால் செய்யும் சோதனை காலர் வகைக்கு மட்டும். சமதளத்தில் நான்கு சக்கரத்தையும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்க வேண்டாம். கியரில் போட்டு வைத்தால் ஷாஃப்ட் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பெல்ட் சி.வி.டி.யில் (பெல்ட்டால் ஓடும் தானியங்கி கியர் அமைப்பு) பிடிப்பு இருக்காது, டிஃபரன்ஷியலைச் சுற்றும் பினியன் பல்சக்கரம் தாராளமாகச் சுற்றும். பார்க் நிலையில் போடுங்கள். பார்க் இல்லாத வண்டியில் ஒருவர் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளட்டும். லாக் இல்லாதபோது இடது சக்கரத்தை முன்னால் சுற்றினால் வலது சக்கரம் பின்னால் சுற்ற வேண்டும். லாக் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பல் விழுந்த பிறகு, சிறிய ஆட்டத்தைத் தவிர இரண்டுமே அசையக்கூடாது. பிறகு நியூட்ரலில் சுற்றினால் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து சுற்ற வேண்டும். விளக்கு எரிந்தும் வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் விளக்கு பொய் சொல்கிறது.

டர்ஃப் மோடு (புல்தரையைக் கிழிக்காமல் ஓட்டும் நிலை) உள்ள வண்டியில் கணக்கு தலைகீழ். சாதாரண நிலையில் பின் சக்கரங்கள் பூட்டியே இருக்கும். டர்ஃப் போட்டால்தான் திறக்கும். டர்ஃப் கெட்டுப்போன வண்டியை "எப்போதும் லாக், மலையே ஏறும்" என்று புகழ்ந்து விற்பார்கள். ஈரமில்லாத மண்ணில் டர்ஃப் போட்டு இறுக்கி வளைத்து ஓட்டுங்கள். பின் சக்கரத் தடம் சுத்தமான டயர் அச்சாகப் பதிந்தால் சரி. அச்சு கலைந்து, வளைவின் உள்பக்கத்தில் மண் சுரண்டி ஓரமாக ஒதுங்கியிருந்தால் டிஃபரன்ஷியல் திறக்கவில்லை.

உண்மையிலேயே பல் போன வண்டி வேறுமாதிரி பேசும். லாக் விழும், ஆனால் பாரம் ஏறியதும் டக் டக்கென்று வெளியே குதிக்கும். காலர் பற்களின் முனை உருண்டிருக்கும். ஒரு சக்கரம் வேகமாகச் சுழலும்போதே ஸ்விட்சைப் போடுவதால் வருவது அது. டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தால் எடுக்கக்கூடிய சில்லுகள் இருந்தால் பழுது. ஆயில் பாலும் தண்ணீருமாக வெளுத்திருந்தால் மூச்சுக் குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்குகளையும் பார்க்க வேண்டும்.

ஆக்சுவேட்டரைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால் ஒன்று கவனியுங்கள். சில மாடல்களில் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் ஃபோர்க்கின் பல்வரிசையோடு குறிக்குக் குறி பொருந்தி உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் பாதி லாக்கிலேயே ஓடும், சில நாளில் காலரைத் தின்றுவிடும். அதற்கும் உங்களிடமே இரண்டாவது பில் வரும். கழற்றிய பழைய ஆக்சுவேட்டரைக் கேட்டு வாங்குங்கள். அது இரண்டு ஒயர் மட்டும் உள்ள சாதாரண மோட்டார் என்றால், ஃபியூஸ் வைத்த ஒயரில் 12 வோல்ட்டைக் கொடுத்து, பிறகு முனைகளை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தடங்கலின்றித் திரும்பினால், பில்லோடு அதையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிப் போங்கள். உள்ளே கண்ட்ரோல் போர்டு உள்ள, அதிக ஒயர் கொண்ட ஆக்சுவேட்டரில் இப்படி நேரடியாகக் கொடுத்தால் நல்லதும் எரிந்துவிடும்.