தமிழ் பில்லை பிரின்டருக்கு அனுப்ப: வெப்யூஎஸ்பியா, வெப்சொக்கெட்டா, நேட்டிவ் மெசேஜிங்கா?

புறக்கோட்டை மொத்தக் கடையோ வெள்ளவத்தைப் புடவைக் கடையோ, பில்லில் தமிழும் சிங்களமும் வரவேண்டுமென்றால் சாதாரண தேர்மல் பிரின்டருக்கு அதை எழுத்தாக அனுப்பிப் பயனில்லை. 'கெ'யில் கொம்பு முன்னே வரும் என்பது அதற்குத் தெரியாது. பில் போடும் வலைப்பக்கம் ஓடும் உலாவியிலேயே படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். 80 மிமீ தாளில் அச்சாகும் அகலம் 72 மிமீ. மிமீக்கு 8 டொட் (அச்சுப்புள்ளி) வீதம் 576 டொட்; ஒரு பைட்டில் 8 டொட் என்பதால் ஒரு டொட் வரிக்கு 72 பைட். 1,200 டொட் வரி நீளமான பில் 86,400 பைட். எழுத்து உயரத்தை 24 டொட்டுக்குக் கீழே இறக்காதீர்கள்; முதலில் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி.

இந்தப் படத்தைப் பிரின்டரிடம் சேர்ப்பது எப்படி என்பதில்தான் போட்டி. உலாவிக்குள் வெளி நிரலை ஓட்டும் பழைய செருகுநிரல் முறைகள் என்பிஏபிஐ, அக்டிவ்எக்ஸ்; ஒரே சி பிளஸ் பிளஸ் நிரலிலிருந்து இரண்டுக்கும் செருகுநிரல் தந்த ஃபயர்பிரெத் என்ற கருவி ஒரு காலத்தில் நல்ல விடை. 2015இல் குரோம் 45 என்பிஏபிஐயை நீக்கியது. 2017இல் ஃபயர்பொக்ஸ் 52 ஃப்ளாஷைத் தவிர மற்ற என்பிஏபிஐ செருகுநிரல்களை நிறுத்தியது. அந்தப் பாதை மூடிவிட்டது.

வலைப்பக்கமே யூஎஸ்பி கருவியோடு நேரே பேசும் வெப்யூஎஸ்பிக்குத் தனி மென்பொருள் நிறுவத் தேவையில்லை. ஆனால் ஃபயர்பொக்ஸில் அது இல்லை. விண்டோஸில் பிரின்டரின் டிரைவரை விண்டோஸின் பொது யூஎஸ்பி டிரைவரான வின்யூஎஸ்பிக்கு மாற்றவும் வேண்டும். மாற்றினால் எக்செலிலிருந்து அதே பிரின்டருக்கு அடிக்க முடியாது. குரோம் மட்டும் ஓடும் ஒற்றைக் கவுண்டருக்குப் போதும்.

கணினிக்குள்ளேயே ஒரு போர்ட்டில் (இணைப்பு வாசலில்) காத்திருந்து, பக்கத்தோடு இணைப்பைத் திறந்தே வைத்துப் பேசும் வெப்சொக்கெட் சேவையை எழுதுவது எளிது, பெரும்பாலான உலாவிகளில் ஓடும். அதன் ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை: எந்தத் தளத்தின் பக்கமும் அந்தப் போர்ட்டைத் தட்டலாம். எந்தத் தளம் அழைக்கிறது என்று இணைப்பின் தொடக்கத்தில் சொல்லும் ஒரிஜின் தலைப்பைச் சேவையே சோதிக்காவிட்டால் யாரும் உங்கள் பிரின்டரை இயக்கலாம்.

பல கவுண்டர், கலப்பு உலாவி என்றால் எங்கள் தெரிவு நேட்டிவ் மெசேஜிங்: உலாவியின் நீட்சி (எக்ஸ்டென்ஷன்), கணினியில் நிறுவிய நிரலோடு செய்தி பரிமாறும் முறை. யார் அழைக்கலாம் என்பதை உலாவியே காக்கிறது. திறந்த போர்ட் இல்லை. வேலை கொஞ்சம் கூட. குரோமுக்கு 'அலவ்ட் ஒரிஜின்ஸ்', ஃபயர்பொக்ஸுக்கு 'அலவ்ட் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற அனுமதிப் பட்டியலோடு இரண்டு மெனிஃபெஸ்ட் (விவரக்) கோப்புகள், அவை இருக்கும் இடத்தை உலாவிக்குக் காட்ட விண்டோஸில் இரண்டு ரெஜிஸ்ட்ரி பதிவுகள். பக்கத்திலிருந்து நீட்சிக்குப் பேச, நீட்சி பக்கத்துக்குள் ஓட்டும் கன்டென்ட் ஸ்கிரிப்ட் வழியே போங்கள்; பக்கம் நீட்சியோடு நேரே பேச விடும் குரோமின் 'எக்ஸ்டர்னலி கனெக்டபிள்' ஃபயர்பொக்ஸில் வேலை செய்யாது. செய்தியில் வைக்கப் படத்தை பேஸ்64 என்ற எழுத்து வடிவம் ஆக்கினால் 115,200 பைட். உலாவியிலிருந்து போகும் செய்திக்கு அது பெரிதல்ல. திரும்பி வரும் பதில்தான் 1 எம்பிக்குள் அடங்க வேண்டும். வாங்கும் நிரல் அதை அவிழ்த்து, விண்டோஸின் அச்சு வரிசையான ஸ்பூலருக்கு 'ரோ' (மாற்றாமல் அப்படியே) வகையில், சிறு பட்டைகளாக அனுப்பட்டும்.

அதிக நேரத்தைத் தின்னும் பிழை இது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 4 பைட்டில் அதன் நீளம் போகும். விண்டோஸில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் பைனரி நிலைக்கு மாற்றாவிட்டால், வெளியீட்டில் புதுவரிக் குறியான 10 என்ற பைட்டுக்கு முன் 13 தானாகச் செருகப்படும். பதிலின் நீளம் 10, 266 போன்று, நீளத்தைச் சொல்லும் 4 பைட்டில் ஒன்று 10 ஆக அமையும் பில்லில் மட்டும் இணைப்பு அறும், மற்றதெல்லாம் ஒழுங்காக அடிக்கும். சோதனையின்போது அந்த நீளங்களில் வேண்டுமென்றே பதில் அனுப்பிப் பாருங்கள்.