நாகர்கோவில் ஜெர்மன் சென்டர்: வகுப்புக்கு மூன்று ஸ்டார், பைல் ரூமுக்கு ஐந்து

ஜெர்மனிக்கு நர்ஸாகப் போக விரும்புகிறவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு சென்டரைப் பற்றி எழுதுகிறேன். ஏ1 என்ற முதல் படியிலிருந்து ஏ2, பி1 தாண்டி பி2 வரை மொழி வகுப்பு, சான்றிதழ் வேலை, ஆஸ்பத்திரி இன்டர்வியூ, விசா எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பெயர் போடவில்லை. குமரி மாவட்டத்தில் இப்போது ஜங்ஷனுக்கு ஒன்று இந்த மாதிரி முளைத்திருக்கிறது, நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் பாதிக்கு மேல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நான் அங்கே படித்து முடித்து, இப்போது ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்துப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் முழு அங்கீகாரம் பெற்ற நர்ஸ். "அக்கா, அங்க சேரலாமா?" என்று ஜூனியர் பிள்ளைகள் மாறி மாறிக் கேட்கிறார்கள். ஒரே தடவையில் எழுதிவிட்டால் லிங்க் அனுப்பிவிடலாம்.

முதலில் பணம். மொழி வகுப்புக்கும் ஹாஸ்டலுக்கும் ஜெர்மன் ஆஸ்பத்திரிதான் கட்டுகிறது, நமக்கு இலவசம் என்பதுதான் விளம்பரம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் சேரும்போது 25,000 ரூபாய் டெபாசிட் வாங்கினார்கள், பி1 பாஸ் ஆனதும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது. என்ன, நான்கைந்து தடவை ஆபீஸ் வாசலில் போய் நின்ற பிறகு. ரசீது வாங்கி வைக்காத ஒரு பிள்ளைக்கு இன்னும் இழுபறிதான். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவு பெற்ற ஏஜென்ட் நம்மிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400-க்கு மேல் வாங்கக் கூடாது. பதிவு இருக்கிறதா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். சென்டரில் சேரும் முன் இதை நான் பார்த்தேன், அவர்களுக்குப் பதிவு இருந்தது. "சர்வீஸ் சார்ஜ் மூணு லட்சம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், டீ கொடுத்தாலும் குடிக்க வேண்டாம்.

இனி வகுப்பு. இலக்கணம் எடுத்த சார் ஜெர்மனிக்குப் போனதே கிடையாது, ஆனால் கற்றுக்கொடுப்பதில் கெட்டிக்காரர். ஜெர்மன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் மூன்றையும் நிறம் பிரித்துப் பலகையில் எழுதி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி செய்துவிட்டார். கோத்தே நிறுவனம் நடத்தும் பி1, பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுக்க வேண்டும். ஒரு பகுதி போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். எங்கள் பேட்சில் எல்லோரும் விழுந்தது கேட்டலில்தான். காரணம், வகுப்பில் ஸ்பீக்கர் ஒன்று, அதுவும் கரகரவென்று. ஹெட்போன் கேட்டு எழுதிக் கொடுத்தோம், வரவில்லை. தேர்வு தேதி கிடைப்பதும் பெரிய பாடு. சென்னையில் இல்லையென்றால் திருவனந்தபுரம், அங்கும் இல்லையென்றால் கொச்சி. விண்ணப்பம் திறக்கிற அன்று ஹாஸ்டலே மொபைலோடு மொட்டை மாடியில் நிற்கும், அங்கேதான் சிக்னல்.

வகுப்புக்கு மூன்று ஸ்டாரோடு நிறுத்தியதற்குக் காரணம் வேறு. சொல்லிக்கொடுத்தது தேர்வுக்கான ஜெர்மன், வார்டுக்கானது இல்லை. "என் பொழுதுபோக்கு" பற்றி நான் அருமையாகப் பேசுவேன். இங்கே வந்து காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் உட்கார்ந்தபோது பாதி புரியவில்லை. சார்ட்டில் ஆர்ஆர் 160 என்று போட்டிருந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ஊரில் ஆர்ஆர் என்றால் மூச்சு எண்ணிக்கை, இங்கே அது பிபி. டிகே என்றால் சிறுநீர் போக வைக்கும் ட்யூப், பிஸெட் என்றால் ரத்தச் சர்க்கரை. இப்படி ஒரு முப்பது சுருக்கங்களை ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தால் போதும். நர்ஸுகளுக்கென்றே டெல்க் நிறுவனம் நடத்தும் பி1-பி2 ஃப்ளேகே என்ற தேர்வு இருக்கிறது, அதன் மாதிரித்தாளை வைத்தாவது பழக்கியிருக்கலாம். வார்டு போனை எடுக்கும் பயம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. எதிரே ஆள் முகம் தெரியாது, வாய் அசைவு தெரியாது, எஸ்ஸன் இருக்கும் ரூர் பகுதிப் பேச்சு வேறு.

சரி, பைல் ரூமுக்கு வருவோம். இந்தச் சென்டரில் சேரச் சொல்கிறேன் என்றால் அது அந்த அறைக்காக மட்டும்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, இரண்டு இரும்பு பீரோ, ஒரு ஸ்கேனர். அங்கே இருப்பவரை எல்லோரும் பைல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ, டிகிரி, கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட் ஐந்தையும் மேசையில் வரிசையாக விரித்து, ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றிலும் என் பெயருக்குக் கீழே கோடு போட்டார். பத்தாவதில் இனிஷியல் முன்னால், டிகிரியில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. "மக்களே, இது மூணு ஆளாக்கும். ஜெர்மன்காரனுக்கு நீ ஒரே ஆள்னு எப்படித் தெரியும்?" என்றார். வக்கீலிடம் அஃபிடவிட் எழுதி வாங்க அன்றைக்கே அனுப்பிவிட்டார். இனிஷியல் வைத்துக்கொள்ளும் நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. குடும்பப் பெயர் இல்லாத ஆளைப் பார்த்தே இராத ஒரு அதிகாரிக்கு இதுதான் முதல் சந்தேகம்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது என்னென்ன படித்தோம் என்று கல்லூரி கொடுக்கும் தாள். மார்க் எத்தனை என்று ஜெர்மன் அதிகாரிகள் பார்ப்பதில்லை. எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் தியரி, எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று பார்ப்பார்கள். அதை அவர்கள் நாட்டு மூன்று வருடப் படிப்போடு வைத்து ஒப்பிட்டு, குறைவது என்ன என்று ஒரு கடிதம் தருவார்கள். டெஃபிசிட்பெஷைட் என்று பெயர். ஜெர்மனியில் நர்ஸ் வேலை சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட தொழில், 16 மாநிலங்களிலும் அங்கீகாரம் கொடுக்கும் அலுவலகம் தனித்தனி. நான் வந்த நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவுக்கு அது ம்யூன்ஸ்டரில் இருக்கிறது. என் கல்லூரி கிளார்க் கொடுத்த தாளில் மொத்த நேரம் மட்டும் இருந்தது. பைல் அக்கா அதைத் திருப்பிக் கொடுத்து, வார்டு வாரியாகப் பிரித்து வாங்கி வரச் சொன்னார். மறுபடி பிரித்துக் கொண்டுபோனால், சைக்கியாட்ரிக்கும் கம்யூனிட்டிக்கும் சேர்த்து ஒரே எண் போட்டிருக்கிறது என்று மறுபடி திருப்பினார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. கிண்டியில் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம், சாந்தோமில் நர்ஸ் கவுன்சில் என்று சென்னைக்கு அலைந்ததில் அனந்தபுரி எக்ஸ்பிரஸின் டைம் டேபிள் மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த எரிச்சலுக்குப் பலன் இருந்தது. வேலை தரும் ஆஸ்பத்திரி 411 யூரோ கட்டினால் விரைவு முறை என்று ஒன்று உண்டு. அதில் அங்கீகார அலுவலகம் இரண்டு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்த இரண்டு மாதம் கோப்பு முழுசாகக் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஒரு தாள் குறைந்தாலும் கடிகாரம் ஓடாது. என்னோடு நர்சிங் படித்த தோழி வேறு ஊரில் பளபளப்பான ஏஜென்சி ஒன்றில் சேர்ந்தாள். என்னைவிட முன்பே பி2 முடித்தவள், என்னைவிட ரொம்பப் பின்னால்தான் விமானம் ஏறினாள். அவள் கோப்பு ஒவ்வொரு தாளாக மூன்று தடவை திரும்பி வந்தது.

ஆள் கிடைக்கவில்லை என்று ஜெர்மனி கத்துவது பொய்யில்லை. 2049-க்குள் 2,80,000 முதல் 6,90,000 வரை நர்சிங் ஆட்கள் குறைவார்கள் என்று அந்நாட்டுப் புள்ளியியல் துறையே 2024-ல் கணக்குச் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். பேப்பரில் இதைப் படித்துவிட்டு எங்கள் அப்பா நாளைக்கே டிக்கெட் வந்துவிடும் என்று நினைத்தார். ஆள் பஞ்சம் எவ்வளவு இருந்தாலும் கோப்பைப் பார்க்கிறவர் அதைப் பார்த்து இரங்குவதில்லை, அவருக்கு மணிக்கணக்கு சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், சென்டரில் டெமோ கிளாஸ் கேட்காதீர்கள், பைல் பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். அனுபவச் சான்றிதழில் இடைவெளி இருந்தால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்கிறாரா, "இடைவெளியை இடைவெளியென்றே எழுது" என்கிறாரா என்று பாருங்கள். எங்கள் பைல் அக்கா இரண்டாவது ரகம்.

ஒப்பந்தத்தில் சென்டருக்குப் பாதி மார்க்தான். ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் தாள் கொடுத்தார்கள், தமிழில் வாயால் சொன்னார்கள். மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் படிப்புச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற பகுதியை வேகமாகத் தாண்டினார்கள். பல ஆயிரம் யூரோ அது. மாதம் ஆக ஆகக் குறையுமா, அவர்களே வேலையை விட்டு அனுப்பினால் என்ன, கர்ப்பமானால் என்ன என்று நான் எழுத்தில் கேட்டேன். மாதக் கணக்கில் குறையும் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்கள். கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்களின் தாளில் அந்த வரி கிடையாது. வேலை கொடுப்பவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு "ஃபேயர் அன்வெர்பங் ஃப்ளேகே டாய்ச்லாண்ட்" என்று அரசு முத்திரை ஒன்று 2022 முதல் கொடுக்கப்படுகிறது. அனுப்பும் நிறுவனத்துக்கு அது உண்டா என்று விசாரியுங்கள். வந்த பிறகு சிக்கல் என்றால் "ஃபேயர் இன்டெக்ராட்சியோன்" ஆலோசனை மையம் எல்லா மாநிலத்திலும் இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள்.

இன்டர்வியூவுக்கு நன்றாகத் தயார் செய்தார்கள், ஆனால் வேலை என்னவென்று சொல்லவில்லை. இங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது, வாய் கழுவிவிடுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது எல்லாம் நர்ஸ் வேலை. ஆயாம்மா கிடையாது, கட்டிலுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் பாய் விரித்துப் படுத்திருக்க மாட்டார். ஊசி போட்டு, ஐவி லைன் எடுத்து, ஐசியூவில் ராணி மாதிரி இருந்த பிள்ளைகள் முதல் மாதம் அழுதார்கள். இன்னொரு பக்கம், ஐசியூவில் பகலில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளி, இரவில் 3 என்று சட்டமே வரம்பு போட்டிருக்கிறது. ஊரில் நான் பார்த்த நைட் டியூட்டியோடு இதை ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். முதியோர் இல்லமா, ஆஸ்பத்திரியா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

சாப்பாடு பரவாயில்லை. மட்டை அரிசிச் சோறு, வாரத்தில் மூன்று நாள் மீன் குழம்பு. ஞாயிறு மாலை மரச்சீனிக் கிழங்கு. "ஜெர்மன் டே" என்று மாதம் ஒரு நாள் பன்னும் சீஸும் கொடுப்பது சுத்த வேஸ்ட். பாத்ரூம் போதாது.

சேரும் முன் மற்றதையும் பாருங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளப் பிள்ளைகளுக்கு அவர்கள் அரசின் நோர்க்கா வழியாக டிரிப்பிள் வின் திட்டம் இருக்கிறது, ஜெர்மன் அரசு நிறுவனங்களே நடத்துவது. நம் மாநிலத்துக்கு 1978 முதல் கிண்டியில் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் இருக்கிறது, நர்ஸ் அறிவிப்புகள் அவ்வப்போது வரும். தனியார் சென்டர் இவ்வளவு பெருகியதற்கும் காரணம் உண்டு. மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை உள்ள 55 நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் போட்ட பட்டியலில் இந்தியா இல்லை. பட்டியலில் உள்ள நாடுகளில் தனியார் போய் நர்ஸ் எடுக்க ஜெர்மன் சட்டம் தடை போடுகிறது. இந்தியாவில் எடுக்கலாம்.

கடைசியாக, இப்போது அதே சென்டர் வாசலில் புது பேனர் தொங்குகிறதாம், "ஏ2 போதும், பறக்கலாம்" என்று. பொய் என்று சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் வந்த அங்கீகாரக் கூட்டு என்ற விதியில் ஏ2-வோடு வேலை ஒப்பந்தம் போட்டு வந்து, அங்கீகார விண்ணப்பத்தை இங்கிருந்தே போடலாம், அதிகபட்சம் மூன்று வருடம். ஆனால் முழு நர்ஸாகும் வரை உதவியாளர் வேலைதான், உதவியாளர் சம்பளம்தான். முதியோர் பராமரிப்பில் 2025 ஜூலையில் வந்த சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, தகுதி பெற்ற நர்ஸுக்கு 20.50 என்று இருந்தது. பி2 இல்லாமல் அந்த நர்ஸ் கூலிப் பக்கம் போக முடியாது. நான் பி2 கையில் வைத்துக்கொண்டு ஏறினேன். வந்து, டெஃபிசிட்பெஷைட் சொல்லும் குறையை ஈடுகட்டும் அறிவுத் தேர்வுக்கு, அதாவது ஒரு வாய்மொழியும் நிஜ நோயாளிகளோடு ஒரு செய்முறையும் உள்ள தேர்வுக்கு, மட்டும் படித்தால் போதுமாக இருந்தது. பி1-ல் ஏறிய எங்கள் பேட்ச் பிள்ளைகள் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு பஸ்ஸில் தூங்கி வழிந்து பி2 வகுப்புக்குப் போகிறார்கள். ஏ2 பேனரைப் பார்த்து யாராவது போன் போட்டால், பி2 வரை ஹாஸ்டலில் வைத்துக்கொள்வீர்களா, அதுவரை செலவு யாருடையது என்று கேளுங்கள். பதில் வாயால் வந்தால் போதாது, பைல் அக்காவிடம் எழுதி வாங்குங்கள்.