ஹோட்டல் பொயின்ட்ஸ் மலிவாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் வாங்காதீர்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு செய்தி வந்திருக்கும்: "ஐந்து நட்சத்திர ஹோட்டல் பொயின்ட்ஸ், பாதி விலை, ஒரே நாளில் உங்கள் கணக்கில்." பொயின்ட்ஸ் என்றால், ஒரு ஹோட்டல் குழுமத்தில் தங்கத் தங்க உறுப்பினர் கணக்கில் சேர்வது; போதுமான அளவு சேர்ந்தால் காசுக்குப் பதிலாக அதைக் கொடுத்து அறை எடுக்கலாம். கலியாணக் காலம் நெருங்கி, வெளிநாட்டுச் சொந்தங்கள் வரத் தொடங்கினால் அந்தச் செய்தி இன்னும் கூடுதலாகச் சுற்றும். நான் வாங்கினேன். 60,000 ரூபாய் போனது. நான்கு வருடமாகச் சேர்த்த 86,000 பொயின்ட்ஸும் போனது. அப்பாவும் அம்மாவும் ஹோட்டல் வரை வந்து, அறை இல்லாமல் திரும்பிப் போனார்கள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காக முழுவதையும் எழுதுகிறேன்.

நான் ஆடை ஏற்றுமதிக் கொம்பனி ஒன்றில் வேலை. டாக்கா, சிங்கப்பூர், சென்னை என்று வருடத்தில் நாலைந்து தடவை போக வேண்டி வரும். அறைக்குக் கொம்பனி காசு கட்டும், பொயின்ட்ஸ் தங்குகிறவர் பெயரில் சேரும். ஒரே சர்வதேசக் குழுமத்தின் ஹோட்டல்களில்தான் தங்கினேன். அப்பா அம்மாவின் 40ஆவது கலியாண நாளுக்கு அவர்களை யாழ்ப்பாணத்தில் இருந்து கூப்பிட்டு, கொழும்பில் கடலைப் பார்த்த அறையில் இரண்டு இரவு தங்க வைக்க வேண்டும் என்று ஆசை. அவர்களுக்கு ஓர் அறை, எனக்கும் என் கணவர் இவருக்கும் மகனுக்கும் ஓர் அறை. ஓர் அறைக்கு ஓர் இரவு 30,000 பொயின்ட்ஸ், ஆக மொத்தம் 1,20,000. என்னிடம் இருந்தது 86,000.

அந்த நேரம் பார்த்துத்தான் குழுவில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். கேட்டு எழுதினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "அக்கா, நான் இதைத்தான் தொழிலாச் செய்றன். ஒரு பொயின்ட் ஒண்டரை ரூபா. குறைஞ்சது 40,000 எடுக்கோணும்." பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "உங்கட பொயின்ட்ஸ் வாற மாசத்தோட முடியுது போல கிடக்கு, கெதியாச் செய்யுங்கோ" என்றார். அந்த இடத்தில்தான் நான் அவசரப்பட்டேன்.

அது பொய். பெரிய குழுமங்களில் பொயின்ட்ஸ் காலாவதி ஆவது நாங்கள் கணக்கைத் தொடாமல் விட்ட காலத்தைப் பொறுத்தது. மேரியட்டிலும் ஹில்டனிலும் 24 மாதம் ஒரு அசைவும் இல்லாவிட்டால்தான் போகும். ஐஎச்ஜி குழுமத்தில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதம். இடையில் ஒரு இரவு தங்கிப் பொயின்ட்ஸ் சேர்ந்தாலே அந்தக் காலம் முதலில் இருந்து மறுபடி தொடங்கும். நான் ஏழு மாதத்துக்கு முன்புதான் சென்னையில் தங்கியிருந்தேன். என் பொயின்ட்ஸுக்கு ஓர் ஆபத்தும் இருக்கவில்லை. செயலியைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் பாஸ்வேர்ட் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. உறுப்பினர் எண்ணும் பெயரும் மட்டும்தான் கேட்டார். மோசடிக்காரர் என்றால் பாஸ்வேர்ட் கேட்பார் என்றுதானே எங்களுக்கு எல்லோரும் சொல்லித் தந்திருக்கிறார்கள். கேட்காததால்தான் நம்பினேன். காலி வீதியில் ஒரு பேக்கரியில் நேரில் சந்தித்தோம். விசிட்டிங் கார்ட் தந்தார், தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். அங்கேயே இருந்து போனில் 60,000 ரூபாய் அனுப்பினேன். கணக்கு வேறு ஒருவர் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, மச்சானுடைய கணக்கு என்றார்.

அன்று இரவே 40,000 பொயின்ட்ஸ் வந்து சேர்ந்தது. இரண்டு அறைகளையும் பதிவு செய்தேன், உறுதி எண் வந்தது, ஸ்கிரீன்ஷொட் எடுத்து அண்ணாவுக்கும் அனுப்பினேன். விற்றவருக்கு நன்றி சொல்லிக் குழுவில் இரண்டு வரி கூட எழுதினேன். அதைப் பார்த்து வேறு யாரும் வாங்கியிருந்தால் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து, கலியாண நாளன்று பின்னேரம் இரண்டு மணிக்கு எல்லோரும் ஹோட்டலுக்குப் போனோம். அம்மா ஊரில் இருந்தே மடித்துக் கொண்டுவந்த அரக்குப் பட்டுச் சேலை. இவர் கையில் கேக் பெட்டி. மகன் நீச்சல் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, குளம் எங்கே எங்கே என்று கேட்டபடி. வரவேற்பில் இருந்த பிள்ளை என் பெயரை அடித்துப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இரண்டு பதிவுகளும் ரத்தாகி ஒன்பது நாளாகி இருந்தது.

அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. மேலாளரையும் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தாள். என் உறுப்பினர் கணக்கே முடக்கப்பட்டிருக்கிறது, ஹோட்டலால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அறிவித்தல் எதுவும் வரவில்லையே என்று நான் சத்தம் போட்டேன். வந்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் பழைய கொம்பனியின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துக் கணக்குத் திறந்திருக்கிறேன், வேலை மாறிய பிறகு அதை மாற்றவே இல்லை. எல்லாக் கடிதங்களும் அங்கே போய்க் கிடந்திருக்கின்றன. வேலை மாறினவர்கள் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் கணக்கில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள்.

காசு கட்டித் தங்குவோம் என்று இவர் விலை கேட்டார். அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை சொன்ன விலை, வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஓர் அறைக்கு ஓர் இரவு 36,000 ரூபாய். நான் கையில் இருந்த கார்டை நீட்டப் போனேன். அதுவரை சோபாவில் பேசாமல் இருந்த அப்பா எழுந்து வந்து, "வேண்டாம் பிள்ளை, வீட்டை போவம். அங்க எல்லாரும் ஒண்டா இருக்கலாம்" என்றார். கேக்கை இரவு எங்கள் வீட்டு மேசையில் வைத்துத்தான் வெட்டினோம். மகன் அந்தக் கண்ணாடியை நெற்றியில் இருந்து கழற்றாமலே படுத்தான்.

பிறகு குழுமத்தின் உறுப்பினர் சேவையோடு போனில் கதைத்தேன். அப்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. எனக்கு வந்த 40,000 பொயின்ட்ஸ் வேறு ஒரு நாட்டு உறுப்பினரின் கணக்கை உடைத்து எடுத்தது. கணக்குக்கு உரியவர் முறையிட்டதும், அந்தப் பொயின்ட்ஸ் எங்கெங்கே போனது என்று தேடிப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு உரியவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். நான் மறைக்கவில்லை, காசு கொடுத்து வாங்கினேன் என்றேன். அந்தப் பதிலோடு என் கணக்கு மூடப்பட்டது. என் உழைப்பில் சேர்ந்த 86,000மும் சேர்ந்தே போனது.

இது அநியாயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விதிகளை உட்கார்ந்து வாசித்தேன். பெரிய குழுமங்கள் எல்லாவற்றிலும் இதே விதிதான்: பொயின்ட்ஸ் உறுப்பினரின் சொத்து அல்ல, அதைத் தனி ஆட்களுக்கு விற்கவோ வாங்கவோ கூடாது, மீறினால் கணக்கை மூடிப் பொயின்ட்ஸைப் பறிக்கலாம். ஆகவே திருட்டுப் பொயின்ட்ஸாக இல்லாமல், ஒருவர் தன் சொந்தப் பொயின்ட்ஸை எனக்கு விற்றிருந்தாலும் முடிவு இதுவாக இருந்திருக்கலாம். "நேர்மையான ஆள், எனக்குத் தெரிந்தவர்" என்று சொல்லி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இன்னும் வலிக்கிற இடம் அதுதான். ஒரு பொயின்ட்டின் பெறுமதியைக் கண்டுபிடிப்பது சின்ன வகுத்தல்: அந்த இரவுக்கு நீங்கள் உண்மையில் கட்டக்கூடிய முழு விலையைக் கேட்கிற பொயின்ட்ஸால் வகுக்க வேண்டும். அந்த ஆள் எனக்கு இணையத்தில் 48,000 ரூபாய் என்று ஒரு விலை காட்டினார். 30,000ஆல் வகுத்தால் ஒரு பொயின்ட் 1.60. ஒன்றரை ரூபாய்க்கு வாங்கினால் லாபம்தானே என்றார். அப்போதும் பத்துச் சதம்தான் மிச்சம், 40,000 பொயின்ட்ஸுக்கும் சேர்த்து வெறும் 4,000 ரூபாய். ஆனால் அந்த 48,000 வெளிநாட்டவருக்கான விலை. இங்கே பல ஹோட்டல்களில் அடையாள அட்டை காட்டுகிறவர்களுக்கு உள்நாட்டு விலை தனியாக இருக்கிறது, போன் எடுத்துக் கேட்டால்தான் சொல்வார்கள். அந்த 36,000த்தை வகுத்தால் ஒரு பொயின்ட் 1.20. அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும், 1.20 பெறுமதியான பொருளை 1.50 கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

விலை கேட்கும்போது இன்னொன்று. இங்கே விலைக்குப் பின்னால் 'பிளஸ் பிளஸ்' போட்டிருந்தால் 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் வரியும், வேறு வரி இருந்தால் அதுவும் மேலே ஏறும். எல்லாம் சேர்த்த விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு பிறகு வகுத்துப் பாருங்கள். காலை உணவு எதில் சேரும், எதில் சேராது என்றும் கேளுங்கள், நாலு பேருக்கு அது பெரிய தொகை.

சரி, பொயின்ட்ஸ் குறைந்தால் என்ன செய்வது? எனக்கு ஒரு சதமும் செலவில்லாத வழி ஒன்று இருந்தது. டொரன்டோவில் இருக்கும் அண்ணாவிடம் அதே குழுமத்தின் 50,000 பொயின்ட்ஸ் சும்மா கிடந்தது. ரத்தான கதையைச் சொன்னபோதுதான் அவரும் சொன்னார். மேரியட்டில் ஒரு உறுப்பினர் இன்னொருவருக்கு வருடத்துக்கு 1,00,000 பொயின்ட்ஸ் வரை இலவசமாக மாற்றலாம். ஹில்டனில் 10 பேர் வரை சேர்த்துக்கொண்டு பொயின்ட்ஸைப் பொதுவாகப் போடலாம், அதுவும் இலவசம். எங்கள் வீடுகளில் ஒருவர் லண்டனில், ஒருவர் கனடாவில், ஒருவர் துபாயில். குடும்பமாகச் சேர்த்தால் எங்களை விட வசதி யாருக்கு இருக்கிறது? முதலில் குடும்பக் குழுவில் கேளுங்கள்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் குழுமத்திடமே வாங்கலாம். ஹில்டனின் வழமையான விலை 1,000 பொயின்ட்ஸுக்கு 10 டொலர், அடிக்கடி 100 வீதம் மேலதிகமாகத் தருவார்கள். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் அப்படியான நாளில் ஒரு பொயின்ட் ஒன்றரை ரூபாய். அந்த ஆள் 'பாதி விலை' என்று சொன்ன அதே ஒன்றரை ரூபாய், திருட்டு இல்லாமல். மேரியட்டில் 1,000 பொயின்ட்ஸ் 12.50 டொலர், ஆகவே அங்கே அவசரத் தேவை இல்லாமல் வாங்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேரியட்டில் ஐந்து இரவைப் பொயின்ட்ஸில் எடுத்தால் ஓர் இரவு இலவசம், ஹில்டனில் சில்வர் என்ற உறுப்பினர் தரத்திலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அதே சலுகை உண்டு. கலியாணத்துக்கு வந்து ஒரு கிழமை தங்குகிற சொந்தங்களுக்கு இதைச் சொல்லுங்கள். அப்புறம், வெளி முகவர் தளங்களில் பதிவு செய்தால் அநேகமாகப் பொயின்ட்ஸ் சேராது. ஹோட்டலின் சொந்தத் தளத்தில் செய்யுங்கள்.

60,000 ரூபாயைப் பற்றி. நானே விரும்பி அனுப்பிய காசு, சில நொடிகளில் அந்தக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியாது என்று வங்கியில் சொன்னார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இணைய மோசடிக்கு கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம். அடுத்தவர் கணக்கை உடைத்துப் புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். முறைப்பாட்டுக்குப் போகும்போது வட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் கொண்டு போங்கள். கோபத்தில் நான் பாதியை அழித்துவிட்டேன், அது இப்போது கஷ்டமாக இருக்கிறது.

அவருடைய பழைய இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. ஆனால் போன கிழமை ஒன்றுவிட்ட தங்கச்சிக்கு அதே வசனம், அதே ஒன்றரை ரூபாய், புது இலக்கத்தில் இருந்து வந்திருக்கிறது. உங்களில் யாரும் காசு அனுப்பியிருந்தால், கணக்கு இலக்கம் உள்ள பற்றுச்சீட்டை எனக்குத் தனியாக அனுப்புங்கள். உங்கள் பெயரை வெளியே விட மாட்டேன். வருகிற செவ்வாய் மறுபடி பொலிஸுக்குப் போகிறேன், இரண்டு மூன்று பேருடையதைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கணக்கு யாருடையது என்று தேடச் சொல்லி வற்புறுத்தலாம்.