விஜி-10 கத்தியின் ஆயுசு வாய்த் தடிமனில்தான்

செட்டிநாட்டுச் சமையலில் கத்திக்கு வேலை இரண்டு விதம். சின்ன வெங்காயமும் பூண்டும் குவியல் குவியலாக நறுக்குவது ஒன்று. நாட்டுக்கோழியை எலும்போடு துண்டு போடுவது இன்னொன்று. விஜி-10 கத்தியை இரண்டுக்கும் புழங்கிப் பார்த்ததில் தெரிந்தது இது: கத்தி எத்தனை காலம் உழைக்கும் என்பதை எஃகின் பெயரைவிட வாய்த் தடிமன்தான், அதாவது வெட்டும் கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமன் என்பதுதான், முடிவு செய்கிறது.

விஜி-10 ஜப்பானின் தகேஃபு நிறுவனத்து எஃகு. சுமார் 1% கார்பன், 15% குரோமியம், கூடவே மாலிப்டினம், வனேடியம், கோபால்ட். கடினம், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவையில் 60-ஐ ஒட்டி இருக்கும். கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் பக்கவாட்டில் திருகினால் மடங்காது, பல் விழும்; அதாவது வாய் சிறு சில்லாக உடையும்.

தடிமனை முதுகில் பார்த்துப் பயனில்லை. கூருக்காகச் சாணை பிடித்த சரிவு தொடங்கும் கோட்டில் வெர்னியர் காலிப்பர் வைத்து அளக்க வேண்டும். 0.2 மி.மீ. இருந்தால் வெங்காயம் நசுங்காமல் இறங்கும். அதே வாய் கோழித் தொடை மூட்டில் சிக்கித் திரும்பினால் போச்சு. விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கைப்பிடி ஓரமாக வெள்ளைப் புள்ளிகள் மின்னும். அத்தனையும் பல் விழுந்த இடம். விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், 0.3 ஆனாலே அது மூன்று மடங்குக்கு மேல். வீட்டுச் சமையலுக்கு 0.3 முதல் 0.35 வரை சரி. 0.5 போனால் கேரட் நறுக்குப்படாது, பிளக்கும். எலும்புக்கு வெட்டுக்கத்தியும் புளியங்கட்டையும்தான். கிரானைட் மேடையில் வைத்து நறுக்கவே கூடாது.

மெல்லிய கத்தி ஏற்கெனவே வாங்கியாச்சா? பக்கத்துக்கு 15 டிகிரியில் சாணை பிடித்தபின், 3000 கல்லில் (எண் கூடக் கூடச் சாணைக்கல் நைசாகும்) 20 டிகிரி வைத்து அழுத்தாமல் நாலைந்து இழுப்பு இழுங்கள். கண்ணுக்கே தெரியாத அந்தச் சிறு சரிவு பல் விழுவதை வெகுவாகக் குறைக்கும்.

பலர் கவனிக்காத விஷயம், சாணை பிடிக்கப் பிடிக்க வாய் மேலே ஏறித் தடிமன் கூடுவது. பக்கத்துக்கு 2 டிகிரி சரிவுள்ள அலகு 2 மி.மீ. தேய்ந்தால், 0.25 இருந்தது 0.39 ஆகிவிடும். "கூர் இருக்கு, இறங்க மாட்டேங்குது" என்பது இதனால்தான். 400 கல்லில் அலகைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, இரு கன்னத்தையும் சமமாகத் தேய்த்து மெலிய வைக்க வேண்டும். தண்ணீர் படாமல் சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்த இடத்தில் கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நீலம் முழுக்கத் தேய்ந்து போனால்தான் நல்ல எஃகு மறுபடி வாய்க்கு வரும்.