கினி பிக் குட்டிக்குப் பல் வைத்தியம்: கோவை முதல் நாமக்கல் வரை எங்கே நம்பிப் போகலாம்?

கினி பிக் விற்கும் கடைகள் கோவை, திருப்பூர், ஈரோடு என்று எல்லா ஊரிலும் பெருகிவிட்டன. விற்ற குட்டிக்குப் பல்லில் ஏதாவது வந்தால் பார்க்கத் தெரிந்த இடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை மனத்தில் வைத்து, கொங்குப் பகுதியில் கிடைக்கும் வைத்தியத்தை எடைபோட்டால் முடிவு இப்படி வருகிறது. கடைக்காரர் நகவெட்டியால் பல் வெட்டிக் கொடுப்பது இலவசமாக இருந்தாலும் வேண்டாம். கிராம் தராசும், சிறு பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்த பழக்கமும் உள்ள தனியார் கிளினிக் முதல் தேர்வு. மண்டை எக்ஸ்ரே வரை போக வேண்டியிருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி.

காரணம் வாய்க்குள் இருக்கிறது. கினி பிக்குக்கு மொத்தம் 20 பல். வெளியே தெரிவது மேலே இரண்டு, கீழே இரண்டு. மீதி 16 கடைவாய்ப் பற்கள் கன்னத்துக்குள் மறைந்திருக்கும். குட்டி பிறக்கும்போதே பல்லோடுதான் பிறக்கும்; எல்லாப் பல்லும் ஆயுள் முழுக்க வளரும். வாய் மிகச் சிறியது, கன்னச் சதை உள்ளே தள்ளி நிற்பது, போதாததற்கு எந்நேரமும் மென்ற தீவனம் ஒட்டிக்கொண்டிருப்பது எல்லாம் சேர்ந்து, வெறும் கண்ணால் பார்த்தால் முன்பல் தவிர எதுவும் தெரியாது. கீழ்க் கடைவாய்ப் பல் அளவுக்கு மீறினால் நாக்குப் பக்கம் சாய்ந்து நாக்கையே அமுக்கிவிடும். மேல்பல் கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கும். முன்பல் கோணலாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கோளாறு பின்னால்தான். முன்பல்லை மட்டும் நறுக்கி அனுப்புபவர் எவராக இருந்தாலும் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கீழ் முன்பல் மேல்பல்லைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளமாக இருப்பது இயல்பு. 'பல்லு நீண்டுபோச்சுங்க, வெட்டி விட்டறலாம்' என்று கடையில் சொல்வதில் பெரும்பகுதி இந்த இயல்பான நீளத்தைப் பார்த்துச் சொல்வதே. குட்டியின் முன்பல் விழுந்தோ, கூண்டுக் கம்பியைக் கடித்தோ உடைந்தால் வேர்ப்பகுதி கெடாதவரை இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வளர்ந்துவிடும். அதுவரை எதிர்ப்பல் தேயாமல் நீளுகிறதா, உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, தீனியை மெல்லிசாக நறுக்கிப் போட்டால் போதும்.

கடையில் செய்து தரும் 'பல் டிரிம்மிங்'

நகவெட்டி, கம்பி வெட்டும் கட்டர், எதுவானாலும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் நெருக்கி வெட்டும்போது பல் குறுக்கே மட்டும் உடையாது, நீளவாக்கிலும் விரியும். விரிசல் ஈறுக்குக் கீழே இறங்கினால் உள்ளிருக்கும் சதை திறந்து, சில வாரம் கழித்துத் தாடையில் கெட்டிச் சீழ்க்கட்டி கிளம்பும். கினி பிக்கின் சீழ் பிதுக்கினால் வடியாது. அறுத்து வழித்தெடுக்க வேண்டும். இலவச டிரிம்மிங் அங்கேதான் விலை கேட்கும். சரியான முறை, மெதுவாகச் சுழலும் பல் பர்ரால், அதாவது பல் தேய்க்கும் சிறு அரத்தால், அராவுவது. நாக்கும் உதடும் சிக்காமல் தடுப்பு வைத்துச் செய்வது.

நாய் பூனை கிளினிக்குகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நகரங்களில் தனியார் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை. 'கினி பிக் பாப்பீங்களா?' என்று கேட்டால் எல்லோரும் 'பாப்போம், கூட்டிட்டு வாங்க' என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை. போனில் வேறு நான்கு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

ஒன்று, 'மயக்க மருந்து கொடுக்கும் முன் எவ்வளவு நேரம் பட்டினி போட வேண்டும்?' 'ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க' என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். அது நாய்க்கான விதி. கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பிராணி. இரவு முழுக்கக் காயப்போட்டால் குடல் நின்றுபோகும், குட்டிக்கு ரத்தச் சர்க்கரையும் இறங்கும். வாயில் ஒட்டியிருக்கும் தீவனம் போவதற்காக அரை மணி முதல் ஒரு மணி நேரம் தீனியை எடுத்துவிட்டு, வாயைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

இரண்டு, 'எதில் எடை போடுவீர்கள்?' நாய் ஏறி நிற்கும் தட்டுத் தராசு 50 அல்லது 100 கிராம் படிகளில்தான் காட்டும். 280 கிராம் குட்டியை அதில் போட்டால் மருந்தளவு எங்கேயோ போய்விடும். வலிக்குக் கொடுக்கும் மெலாக்ஸிகாம் சிரப்பையே பாருங்கள். கிலோவுக்கு 0.2 மி.கி. என்று மருத்துவர் எழுதினால் 300 கிராம் குட்டிக்கு 0.06 மி.கி. சேர வேண்டும். மில்லிக்கு 1.5 மி.கி. உள்ள நாய் சிரப்பில் அது வெறும் 0.04 மி.லி. ஒரு சொட்டுகூட அல்ல. இன்சுலின் சிரிஞ்சில் அளந்து காட்டும் கிளினிக்கை நம்பலாம். 'ரெண்டு சொட்டு விடுங்க' என்பவரை நம்ப முடியாது.

மூன்று, 'கடைவாய்ப் பல்லை எப்படிப் பார்ப்பீர்கள்?' காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்ப்பது முதல் படி, விழித்திருக்கும்போதே செய்யலாம். ஆனால் அதில் எல்லாம் தெரியாது. சந்தேகம் இருந்தால் லேசான மயக்கத்தில் வாய் விரிப்பான் போட்டு முழுதாகப் பார்க்க வேண்டும். மூச்சில் கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு இருந்தால் நல்லது. தொண்டைக்குள் குழாய் போடுவது கினி பிக்கில் மிகக் கடினம் என்பதால் மூக்கு மாஸ்க் வைத்தே பெரும்பாலும் செய்வார்கள். சூட்டுமெத்தை கட்டாயம். இந்த எடையுள்ள பிராணி மயக்கத்தில் மளமளவென்று குளிர்ந்துபோகும்; கத்திரி வெயில் நாளாக இருந்தாலும் ஏசி அறைக்குள் அதுதான் நடக்கும்.

நான்காவது கேள்வி உயிர் போகிற கேள்வி. 'ஆன்டிபயாட்டிக் எது கொடுப்பீர்கள்?' வாய்வழி அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், செஃபலெக்சின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் எதுவும் கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று கெட்டதை வளரவிட்டு, சில நாளிலேயே கழிச்சல் கண்டு குட்டி செத்துவிடும். டிரைமெதோபிரிம் சல்ஃபா கலவையைச் சொன்னால் விஷயம் தெரிந்தவர். என்ரோஃப்ளாக்சசினும் கினி பிக்குக்கு ஆகும்; வளரும் குட்டிக்குக் குருத்தெலும்பைப் பாதிக்கலாம் என்பதால் முதல் மருந்தாக அதை எடுக்காமல் இருப்பது நல்லது. நாமக்கல், பல்லடம் பக்கம் கோழி மருந்துக் கடைக்குக் குறைவே இல்லை. அங்கே வாங்கிய பவுடரைத் தண்ணீரில் கரைத்து வைக்கும் யோசனை பக்கத்து வீட்டிலிருந்து வரும். கேட்காதீர்கள். அதில் பல மேலே சொன்ன பட்டியலில் இருப்பவை.

நான்குக்கும் சரியாகப் பதில் சொல்கிற கிளினிக் சின்ன ஊரிலும் இருக்கலாம்; பெரிய போர்டு வைத்த இடத்தில் இல்லாமலும் போகலாம். உங்கள் கேள்விக்கு எரிச்சல்படாமல் 'டாக்டரையே கேட்டுச் சொல்றேனுங்க' என்கிற வரவேற்பாளருக்கு இந்த மதிப்பீட்டில் தனி மார்க் உண்டு.

அரசு கால்நடை மருந்தகம்

செலவு குறைவு, பக்கத்தில் இருக்கும். எடை, உடல் சூடு, ஈறு, சொறி பார்க்கவும், வைட்டமின் சி குறைபாட்டைக் கண்டு ஊசி போடவும் போதும். பல் அராவும் வேலைக்கான பர்ரும் சிறு வாய் விரிப்பானும் அங்கே பொதுவாக எதிர்பார்க்க முடியாது. ஆடு மாட்டுக் கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் மருத்துவர் நின்று பார்ப்பார். பரிந்துரைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த இடத்துக்கு உதவும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரி. அறுவை சிகிச்சைக்கும் கதிரியக்கத்துக்கும் தனித் துறை உண்டு. பல் வேர் மேல்நோக்கி வளர்ந்து கண் பிதுங்கினாலோ, கண்ணில் நீர் வடிந்தாலோ, கீழ்த்தாடை விளிம்பில் முண்டுமுண்டாகத் தட்டுப்பட்டாலோ எக்ஸ்ரே இல்லாமல் முடிவெடுக்க முடியாது. ஒரு படம் போதாது. பக்கவாட்டில் ஒன்று, இருபுறமும் சாய்வாக ஒவ்வொன்று, மேலிருந்து ஒன்று வேண்டும். பயிற்சி மருத்துவமனை என்பதால் மாணவர்கள் சூழ்ந்து நிற்பார்கள், நேரமாகும். பயந்த குட்டிக்கு அது கஷ்டம்தான். கூடையை மேசையில் வைக்காமல் மடியில் துண்டு போர்த்தி வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே போன் செய்து சிறு பிராணி அறுவை மருத்துவர் அன்றைக்கு இருக்கிறாரா என்று கேட்காமல் கிளம்பக் கூடாது. பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத்தவர்கள் உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியையும் முதலில் கேட்டுப் பார்க்கலாம். புதியது, ஆனால் தூரம் மிச்சம்.

கோவையிலிருந்து ஈரோடு, திருச்செங்கோடு வழியாக நாமக்கல் சுமார் 150 கிலோமீட்டர். மாசி தாண்டிவிட்டால் விடிவதற்கு முன் கிளம்புங்கள். 30 டிகிரிக்கு மேல் போனாலே கினி பிக்குக்கு வெப்ப அதிர்ச்சி வரலாம். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடையின் ஒரு மூலையில் மட்டும் வைக்க வேண்டும். குளிர்ந்தால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் இருக்கட்டும். வழி முழுக்கப் புல்லும் வெள்ளரித் துண்டும் கூடவே இருக்கட்டும். பழகிய துணைக் குட்டி இருந்தால் அதையும் கூட்டிப் போகலாம்.

பில்லில் எது அவசியம்

கிளம்பும் முன்பே பரிசோதனை, மயக்கம், அராவுதல், எக்ஸ்ரே, மருந்து என்று தனித்தனியாகத் தொகை கேளுங்கள். திடமான இளம் குட்டிக்கு நீளமான ரத்தப் பரிசோதனைப் பட்டியலை விட்டுவிடலாமா என்று கேட்பதில் தப்பில்லை. வலி மருந்தை மட்டும் விடக் கூடாது. வலி இருந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நிற்கும், பல் சரியாகியும் குட்டி போய்விடும். தானாகத் தின்னாத பிராணிக்குக் கரைத்து ஊட்டும் வெளிநாட்டு மீட்பு உணவுப் பொட்டலம் சிறந்ததுதான், விலை கூடுதல். கையில் இல்லாதபோது கினி பிக் பெல்லட்டை (குச்சித் தீவனம்) வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மசித்து, வடிகட்டி, நுனி வெட்டிய 1 மி.லி. சிரிஞ்சில் கொடுக்கலாம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 80 மி.லி. கணக்கு. 300 கிராம் குட்டிக்கு 15 முதல் 24 மி.லி.; ஐந்தாறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு மூன்று நான்கு மில்லி. சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் விட்டு, மெல்ல மெல்ல அரை மில்லி அரை மில்லியாக. நேராகப் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போகும். பால்சோறு, தயிர், கஞ்சி எதுவும் ஆகாது.

குட்டி 12 மணி நேரம் ஒன்றுமே தின்னவில்லை என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். வளரும் குட்டி நாளுக்கு இரண்டு மூன்று கிராமாவது ஏற வேண்டும். மூன்று நாள் அப்படியே நின்றாலோ, தீனியை வாயில் எடுத்துக் கீழே போட்டாலோ, மோவாய் ஈரமாக இருந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

வைத்தியத்தை மிச்சப்படுத்தும் புல்

பல் தேய்வது புல்லை அரைக்கும்போதுதான். மரக்கட்டையும் உப்புக்கட்டியும் கடைவாய்ப் பல்லுக்கு ஒன்றும் செய்யாது. இறக்குமதி திமோத்தி புல் வாங்க முடியாதவர்களுக்கு இந்த மண்ணிலேயே வழி இருக்கிறது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு (மேய்ச்சல் நில) கொழுக்கட்டைப் புல்லைக் கதிர் முற்றுமுன் அறுத்து நிழலில் உலர்த்தியது அருமையான தீனி. முற்றிய கதிரின் சுணை மட்டும் வாயில் குத்தும். அருகம்புல் எப்போதும் நல்லது. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் ஆறு மாதம் வரை கொஞ்சம் போடலாம், பிறகு நிறுத்திவிட வேண்டும். வைக்கோல் படுக்கைக்குத்தான். பச்சை இளஞ்சோளம் மாட்டுக்கே விஷம், கினி பிக்குக்குச் சொல்லவே வேண்டாம். நிலக்கடலைக் கொடியில் பூஞ்சை வாசம் வந்தால் தொடாதீர்கள்.

கடைகளில் கினி பிக்குக்கென்று அளந்து போடுவது பல நேரம் முயல் பெல்லட். அதில் வைட்டமின் சி சேர்த்திருக்க மாட்டார்கள். முயல் தன் உடலிலேயே அதைச் செய்துகொள்ளும். கினி பிக்கால் முடியாது. குறைந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், மூட்டு வலியால் குட்டி நடக்கத் தயங்கும். வளரும் குட்டிக்குக் கிலோவுக்கு 30 மி.கி. வரை தினமும் வேண்டும். மெல்லிய பெருநெல்லித் துண்டு, குடைமிளகாய், கொத்தமல்லித் தழை இவற்றிலேயே கிடைத்துவிடும். கினி பிக் பெல்லட்டாகவே இருந்தாலும் தயாரித்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் அதிலுள்ள வைட்டமினை நம்ப வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சில குட்டிகளுக்குத் தாடையே பிறவியில் கோணலாக இருக்கும். அவற்றுக்கு நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அராவ வேண்டிவரும், ஆயுளுக்கும். அப்படியானால் ஒரு தடவைக் கட்டணத்தைப் பார்த்து கிளினிக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தொடர்ந்து வரும் பிராணிக்கு என்ன தொகை, ஒவ்வொரு தடவையும் முழு மயக்கம் வேண்டுமா, அதே மருத்துவரே பார்ப்பாரா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அந்தக் குட்டியை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. விற்ற கடைக்கும் தகவல் சொல்லுங்கள். அதே ஜோடியின் அடுத்த ஈற்றும் அங்கேதான் விற்பனைக்கு வரும்.