பியர்சனிலிருந்து பலாலி வரை: தூரமும் நேரமும்

எழுபத்தாறு வயதான அம்மாவை இந்தக் கோடையில் ரொறொன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்கு அழைத்துச் செல்ல ஆயத்தமானபோது, நான் முதலில் பார்த்தது பியர்சன் விமான நிலையத்துக்கும் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் இடையிலான தூரத்தைத்தான். நேர்கோட்டில் அது ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நாங்கள் டுபாய் வழியாகச் சென்றதால் முதலில் 11,000 கிலோமீற்றரைப் பதின்மூன்று மணி நேரத்திலும், நான்கு மணி நேரக் காத்திருப்புக்குப் பின் மீதி 3,300 கிலோமீற்றரை நான்கரை மணி நேரத்திலும் கடந்தோம். சக்கர நாற்காலி உதவி இரண்டு இடங்களிலும் கேட்காமலே வந்து நின்றது. அந்தப் பணியாளர்களுக்கு நான் மனமார நன்றி சொல்ல வேண்டும்.

சிரமம் தொடங்கியது இரவு ஒன்பதரைக்குக் கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகுதான். கட்டுநாயக்கவிலிருந்து, எங்கள் வீட்டுக்கு அருகே விமான நிலையம் உள்ள பலாலி வான்வழியில் 290 கிலோமீற்றர்தான் என்றாலும், புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று சுற்றிச் செல்லும் தரைவழியில் அது 350 கிலோமீற்றரைத் தாண்டிவிடுகிறது. முன்பதிவு செய்திருந்த வான் வண்டி ஒரு மணி நேரம் பிந்தி வந்ததால் நள்ளிரவில்தான் புறப்பட்டோம். அநுராதபுரத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தியபோது, அம்மாவின் கால்கள் செருப்புக்குள் நுழைய முடியாத அளவுக்கு வீங்கியிருந்தன. அவர் இஞ்சிப் பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டார். ஆனையிறவில் விடிந்தது. காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கியபோது, பியர்சனில் விமானம் கிளம்பி முப்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது; அதில் மூன்றிலொரு பங்கு, இலங்கை மண்ணில் இறங்கிய பின் கழிந்தது.

ஆகவே திரும்பும்போது பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பதென்று முடிவு செய்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த இந்தத் தளம், 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, கொரோனாவால் முடங்கிய சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. சுன்னாகத்து வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் அங்கே போய்விட்டோம். ஏரிஆர் (ATR) என்னும் சிறிய விசிறி விமானம் என்பதால் கட்டடத்திலிருந்து நடந்தே போய் ஏறலாம். மேலெழும்பியதும் செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் சன்னலுக்குக் கீழே தெளிவாகத் தெரிய, அம்மா கடல் வரும் வரைக்கும் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. சென்னை அங்கிருந்து ஏறக்குறைய 355 கிலோமீற்றர். வரும்போது தரைவழியில் வந்த தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான அத்தூரத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்தோம்.

வயதானவர்களோடு வடக்குக்குப் போகிறவர்கள் சென்னையில் ஓர் இரவு தங்க நேர்ந்தாலும் இந்த வழியையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பயணச்சீட்டுகளைத் தனித்தனியாக எடுத்தால் சென்னையில் பெட்டிகளை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு இந்திய விசா கட்டாயம். சிறிய விமானத்தில் எடை வரம்பும் குறைவு. அம்மா ஆசையாகக் கட்டிவைத்திருந்த, உலர்த்திய பனங்கிழங்கான ஒடியலிலும் புழுக்கொடியலிலும் நான்கு கிலோவைப் பலாலியில் வெளியே எடுத்து, வழியனுப்ப வந்த மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.